வாடகைக்கு வீடு வாங்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு கணக்கு

2019 தொடக்கத்தில் கோயமுத்தூரில் 42 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃபிளாட் பார்த்தோம். இரண்டு படுக்கையறை, லிஃப்ட், கார் நிறுத்த இடம், பால்கனியில் நின்றால் மேற்கே மலை. என் கணவருக்குப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் குடிபோகப் போவது நாங்கள் இல்லை, வாடகைக்கு விடத்தான் வாங்குகிறோம் என்பதால் புரோக்கரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: பக்கத்து ஃபிளாட் என்ன வாடகைக்குப் போகிறது? 12,000 என்றார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பத்திரச் செலவு, அலமாரி வேலை எல்லாம் சேர்ந்தால் 46 லட்சம் ஆகும். வருஷ வாடகை 1,44,000. நூற்றுக்கு மூன்று ரூபாய் சொச்சம். அந்தக் குடியிருப்பில் பராமரிப்புப் பணம் மாதம் 2,000 ஓனர் தலையில். அதைக் கழித்து, ஆள் மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும் என்று ஒரு மாத வாடகையையும் கழித்தால் கையில் நிற்பது 1,08,000. நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. வீட்டுக் கடனுக்கு வங்கி சொன்ன வட்டியோ 8.75 சதவீதம். "விலை ஏறுமில்லீங்க" என்றார் புரோக்கர். ஏறலாம். ஆனால் ஏறுவது மண்ணின் விலை. கட்டடம் வருஷா வருஷம் பழசாகத்தான் போகும். அந்த ஃபிளாட்டில் எங்கள் பங்குக்கு வரும் பிரிபடாத மனை ஒன்றேகால் சென்ட்கூட இல்லை.

கடைசியில் நாங்கள் வாங்கியது சத்தி ரோட்டில் கணபதி தாண்டி, சின்னவேடம்பட்டிப் பக்கம் ஒரு லைன் வீடு. மூன்றரை சென்ட் இடத்தில் வரிசையாக நாலு வீடு. ஒவ்வொன்றிலும் ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, பின்னால் குளியலறை, கக்கூஸ். தார்சுக் கூரைதான், ஆனால் இரண்டு வீட்டில் ஒழுகும். பார்க்க லட்சணமே இல்லை. உறவில் ஒருவர் வந்து பார்த்துவிட்டு "இதுக்கா இத்தனை காசு" என்று கேட்டுவிட்டே போனார். விலை 28 லட்சம். பத்திரத்துக்கு ஏறக்குறைய 3 லட்சம், ரிப்பேருக்கு 2 லட்சம், ஆக 33. வீட்டுக்கு 4,500 வீதம் மாதம் 18,000 வாடகை.

இந்தப் பகுதியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. கணபதி, ஆவாரம்பாளையம் சுற்றி லேத் பட்டறை, ஃபவுண்டரி, பம்ப்செட் உதிரிபாகம் செய்கிற சின்னச் சின்ன ஒர்க்ஷாப் ஏராளம். வடக்கே சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகள் வந்தபின் அங்கே செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேன்டீன் வேலைக்கும் ஆள் வேண்டியிருந்தது. இவர்களுக்கு 12,000 ரூபாய் ஃபிளாட் தேவையில்லை. வேலைக்கு சைக்கிளிலோ டவுன் பஸ்ஸிலோ போகிற தூரத்தில் 4,000, 5,000-க்கு ஒரு வீடு வேண்டும். அந்த வாடகைக்குப் புதிதாக யாரும் வீடு கட்டுவதில்லை. அதனால்தான் பழைய லைன் வீடு காலியாகக் கிடப்பது அபூர்வம். வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தெருவுக்கு யார் குடிவருவார்கள், அவர்களுக்கு மாதம் என்ன சம்பளம் வரும் என்று நாங்கள் விசாரித்ததற்கு இதுதான் காரணம். டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

33 லட்சத்துக்கு 2,16,000 என்றால் ஆறரை சதவீதம். ஃபிளாட்டோடு பார்த்தால் இரண்டு மடங்கு. ஆனால் அதிலும் கழிக்க வேண்டியதைக் கழித்தேன். வருஷத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு மாதம் காலி என்று வைத்து 18,000. சொத்து வரி, தண்ணி வரி 6,000. பெயின்ட், மோட்டார், பிளம்பிங் என்று 24,000. மிச்சம் 1,68,000, அதாவது மாதம் 14,000. வங்கியில் 15 லட்சம் கடன், 15 வருஷம், 8.75 வட்டிக்குத் தவணை மாதம் ஏறக்குறைய 15,000. ஆக வாடகை முழுவதும் தவணைக்கே போய், மேலே ஆயிரம் ரூபாய் கையிலிருந்தும் போட வேண்டும். கடன் முடியும் வரைக்கும் இந்த வீட்டிலிருந்து பத்து பைசா வீட்டுச் செலவுக்கு வராது என்பது முதல் நாளே தெரியும். இதைத் தெரிந்துதான் இறங்கினோம். "மாசம் வாடகை வரும், உட்கார்ந்து சாப்பிடலாம்" என்று யாராவது சொன்னால், அவர் கடன் இல்லாமல் வாங்கியவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விற்க வந்தவராக இருக்க வேண்டும்.

மீதி 18 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அன்னூர் பக்கம் வாங்கிப் போட்டிருந்த ஒரு சைட்டை விற்றோம். பத்து வருஷத்துக்கு மேல் முள்ளு முளைத்துக் கிடந்தது. வாடகையும் இல்லை, வரப்பை யாராவது நகர்த்திவிடுவார்களோ என்ற பயம்தான் மிச்சம். அதோடு சேமிப்பும், முடிந்த ஒரு சீட்டுப் பணமும். நகையை அடகு வைக்கவில்லை. வீட்டுக் கடனுக்கு மேல் நகைக் கடன், அதற்கு மேல் தனிநபர் கடன் என்று அடுக்கி வாங்கிய இரண்டு குடும்பத்தை எனக்குத் தெரியும். வீடு நல்ல வீடுதான். ஆனால் அடுக்கில் ஒன்று சரிந்ததும் முதலில் விற்க வேண்டி வந்தது அந்த வீட்டைத்தான், அதுவும் அவசர விலைக்கு.

பத்திரச் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நாங்கள் பதிந்தபோது தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, மொத்தம் 11 சதவீதம். 2023-இல் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள், ஆனால் அதோடு வழிகாட்டி மதிப்பையும், அதாவது பதிவுக்கு அரசு வைக்கிற நில விலையையும், ஏற்றிவிட்டார்கள். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. எப்படியானாலும் வங்கி இந்தச் செலவுக்குக் கடன் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 10 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்தில் பத்திரச் செலவை விலையோடு சேர்த்துக் கணக்கிடக் கூடாது. இது முழுக்க நம் கைப்பணம். இன்னொன்று, விற்பவர் "பாதி கையில கொடுங்க" என்பார். நிலம், வீடு விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 ஜூனிலிருந்து வருமான வரிச் சட்டப்படி தவறு. ரொக்கத்தை வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். நாளைக்கு நாம் விற்கும்போது குறைத்துப் பதிந்த விலைதான் நம் வாங்கிய விலையாக நிற்கும், லாபம் பெரிதாகத் தெரியும், வரியும் பெரிதாக வரும். நாங்கள் எல்லாவற்றையும் டிடியாகவே கொடுத்தோம்.

சரி, பத்திரம் பார்த்த கதைக்கு வருகிறேன். அதில்தான் நாள் அதிகம் போனது.

வில்லங்கச் சான்று இப்போது பதிவுத்துறை இணையதளத்திலேயே 1975 முதல் இலவசமாகப் பார்க்கலாம். நாங்கள் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. விற்கிறவருடைய அப்பா கிரயம் வாங்கியது, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அண்ணன் தம்பி இரண்டு பேர் விற்க வந்தார்கள். வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் அதில் அம்மாவும், தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த ஒரு தங்கையும் இருக்கிறார்கள். "தங்கச்சிக்கு நகை போட்டுக் கல்யாணம் பண்ணியாச்சுங்க, அதுக்கு இதுல பாத்தியதை இல்லீங்க" என்றார் அண்ணன். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால் மனைவிக்கும் மகன்களுக்கும் மகளுக்கும் சம பங்கு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே அப்படித்தான். சீர் செய்ததைச் சொல்லி அதைக் கழிக்க முடியாது. நாலு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் கிரயம் என்று எங்கள் வக்கீல் அழுத்திச் சொன்னார். அந்தத் தங்கை பதிவு நாளன்று வந்தார். அவர் பங்குக்குத் தனி டிடி எடுத்திருந்தோம். சார் பதிவாளர் ஆபீஸ் திண்ணையில் வைத்துக் கொடுத்தபோது இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தார்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தாலும் அதில் வராத சங்கதிகள் உண்டு. பதிவு செய்யாத எதுவும் அதில் வராது. நாங்கள் நாலு வீட்டுக்காரர்களிடமும் தனித்தனியாகப் போய்ப் பேசினோம். மூன்றாவது வீட்டில் இருந்த பெரியவர், "நாங்க வாடகை தர்றதில்லீங்க, போக்கியத்துல இருக்கோம். ரெண்டு லட்சம் கொடுத்திருக்கேன்" என்று பெட்டியைத் திறந்து ஒரு முத்திரைத் தாளைக் காட்டினார். போக்கியம் என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். விற்பவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த இரண்டு லட்சத்தை விலையில் கழித்துக்கொண்டு, பதிவு நாளன்றே பெரியவர் கையில் கொடுத்து, தாளின் பின்பக்கம் பைசல் என்று எழுதி வாங்கினோம். அவர் அதன்பிறகு வாடகைக்கு இருக்கச் சம்மதித்து, இன்னமும் அங்கேதான் இருக்கிறார். குடியிருப்பவரோடு பேசாமல் யாரும் குடியிருக்கும் வீட்டை வாங்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

பட்டா, கட்டட வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு நாலும் ஒரே ஆள் பெயரில் இருந்தால் அதிர்ஷ்டம். எங்களுக்கு இல்லை. பழைய பேரூராட்சிக் கால அனுமதித் தாளைத் தேடி எடுத்த பிறகுதான் வங்கி நகர்ந்தது. மனை மட்டும் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2016 அக்டோபர் 20 வரை விற்ற அனுமதியற்ற மனைகளுக்குத்தான் வரன்முறை வாய்ப்பு, அதாவது பின்னால் அங்கீகாரம் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு, கொடுத்தார்கள். அங்கீகாரம் இல்லாத மனையைக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கட்டட அனுமதிக்கும் கடனுக்கும் அலைச்சல்தான்.

வாங்கி ஒரு வருஷம் ஆவதற்குள் 2020 மார்ச்சில் ஊரடங்கு. பட்டறைகள் மூடின. நாலில் இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். சாமான் உள்ளே, பூட்டு வெளியே. வாடகை கேட்கவும் மனசு வரவில்லை, கேட்டாலும் அவர்களிடம் இல்லை. ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணையைத் தள்ளிப்போட அனுமதி கொடுத்தது. ஆனால் வட்டி நிற்காது, அசலோடு ஏறும். 15 வருஷக் கடனின் முதல் வருஷத்தில் அசல் அப்படியே இருக்கும் நேரத்தில் தள்ளிப்போட்டால் பின்னால் பல தவணை கூடும். நாங்கள் தள்ளிப்போடவில்லை. வீடு வாங்கும் முன்பே ஆறு தவணைக்கான பணத்தை, ஏறக்குறைய 90,000 ரூபாயை, வைப்பு நிதியில் தனியாகப் போட்டு வைத்திருந்தோம். அதை எடுத்துக் கட்டினோம்.

அந்த 90,000-ஐயும் விலையில் சேர்த்திருந்தால் கடன் கொஞ்சம் குறைந்திருக்கும், வட்டியும் மிச்சமாகியிருக்கும் என்று ஒரு ஆடிட்டர் நண்பர் கணக்குக் காட்டினார். கணக்கு சரிதான். ஆனால் வாடகை நின்றாலும் தவணை நிற்காது. வாடகையே வராத மாதத்திலும் என் சம்பளத்திலும் கணவர் சம்பளத்திலும் தவணை போக வீடு நடக்குமா என்பதை வைத்துத்தான் நாங்கள் 15 லட்சம் என்று முடிவு செய்தோம். வங்கி இதைவிடக் கூடவே தரத் தயாராக இருந்தது. 30 லட்சம் வரைக்குமான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது விதி. கொடுக்கலாம் என்பதற்காக வாங்க வேண்டியதில்லை.

கடன் வாங்கும் அன்றைக்கே ஒரு காப்பீட்டுத் தாளையும் நீட்டுவார்கள். ஒரே தவணைப் பிரீமியம், அதையும் கடனோடு சேர்த்துவிடுவார்கள். அது கட்டாயம் இல்லை. என் கணவருக்கும் எனக்கும் டேர்ம் பாலிசி என்ற ஆயுள் காப்பீடு முன்பே இருந்தது. அதைக் காட்டி வேண்டாம் என்றோம். மேலாளர் முகம் கொஞ்சம் சுருங்கியது, அவ்வளவுதான். மருத்துவக் காப்பீடும் அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது. வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் நாலு வீட்டு வாடகையும் ஒரு வாரத்துக்குக் காணாது. கட்டடத்துக்குத் தீ, வெள்ளக் காப்பீடு 2021-லிருந்து பாரத் கிருஹ ரக்ஷா என்ற பெயரில் எல்லா நிறுவனங்களிலும் ஒரே மாதிரி இருக்கிறது. பிரீமியம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

2022 மே மாதத்திலிருந்து ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி, ஏற ஆரம்பித்தது. 4 சதவீதமாக இருந்தது 2023 பிப்ரவரியில் 6.5 ஆகிவிட்டது. எங்கள் கடன் வட்டியும் அதோடு ஏறியது, ஆனால் தவணைத் தொகை மாறவே இல்லை. சந்தோஷப்படுவதற்கு முன் கடன் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். தவணைக் காலத்தை நீட்டியிருந்தார்கள். வங்கிகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்யும். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியே உத்தரவு போட்டது. நாங்கள் எழுதிக் கொடுத்துத் தவணையைக் கூட்டிக்கொண்டோம். அதற்குள் வாடகையும் ஏறியிருந்ததால் முடிந்தது. 2025-இல் வட்டி இறங்கியபோது தவணையைக் குறைக்கச் சொல்லவில்லை, காலம்தான் குறையட்டும் என்று விட்டுவிட்டோம்.

குடியிருப்பவர் எதைப் பார்த்து வீடு பிடிக்கிறார் என்பதை ஒரு அக்காவிடம் கற்றுக்கொண்டேன். முதல் வீடு காலியானபோது பார்க்க வந்தார். புதுப் பெயின்ட், புது டைல்ஸ் எல்லாம் நான் காட்டக் காட்ட, அவர் நேரே பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்தார். கையில் பிடித்து வாயில் வைத்துத் துப்பினார். "இது போர் தண்ணிங்களா? நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க? எத்தனை குடம் பிடிக்கலாம்?" என்று கேட்டார். அடுத்து மீட்டர் பெட்டி. "எங்களுக்குத் தனி மீட்டருங்களா, யூனிட்டுக்கு எவ்வளவுன்னு நீங்க வாங்குவீங்களா?" டைல்ஸ் பக்கம் திரும்பவே இல்லை.

அதன் பிறகு செலவை அங்கேதான் வைத்தோம். முன்பு வாசலில் ஒரே ஒரு நல்ல தண்ணிக் குழாய், நாலு வீட்டுக்கும் சேர்த்து. தண்ணி வரும் நாளில் சண்டையும் சேர்ந்தே வரும். தரைக்கடியில் ஒரு தொட்டி கட்டி, சின்ன மோட்டார் வைத்து, ஒவ்வொரு சமையல்கட்டிலும் நல்ல தண்ணிக்குத் தனிக் குழாய் இழுத்தோம். மின் இணைப்பும் முன்பு ஒன்றே ஒன்றுதான். உள்ளே சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று பழைய ஓனர் வாங்கிக்கொண்டிருந்தார். நாலு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் யூனிட் ஏறி உயர் அடுக்குக் கட்டணம் வரும். தனித்தனி இணைப்பு வாங்கியதும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கிடைத்தது. அவர்களுக்குக் கரண்ட் பில் குறைந்தது. அடுத்த வாடகை ஏற்றத்தின்போது யாரும் முணுமுணுக்கவில்லை. இன்று வாடகை 6,500.

காலி மாதம் என்று பொதுவாகச் சொன்னேனே, அதற்கு நம் ஊரில் ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். மார்கழியும் அப்படித்தான். ஆனிக் கடைசியில் ஒருவர் காலி செய்தால் ஆவணி வரைக்கும் வீடு பூட்டித்தான் கிடக்கும், வாடகையைக் குறைத்தாலும் ஆள் வராது. அதனால் பதினோரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அது சித்திரை, வைகாசியில் முடிகிற மாதிரி ஏழு மாதம், எட்டு மாதம் என்று ஒருமுறை சரிசெய்துகொண்டோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்றுகிறவர்களும் அந்தச் சமயத்தில்தான் வீடு தேடுவார்கள். ஆடியில் காலியானால் அந்த மாதத்தை ரிப்பேருக்கு வைத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் தட்டோடு பதித்து ஒழுக்கை நிறுத்தியது அப்படி ஒரு ஆடியில்தான்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 22-இலிருந்து நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், பதிவு எண் தருவார்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் ஊரில் இன்னும் இருக்கிறது. நாங்கள் மூன்றோடு நிறுத்தினோம். அந்தப் பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் வைப்பு நிதியாகவே போட்டிருக்கிறோம். சாவியைக் கொடுக்கிற அன்றே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். தெருவில் அந்தப் பெயர் இருந்தால் டூ-லெட் போர்டே மாட்ட வேண்டியதில்லை, காலி செய்கிறவரே தன் ஒர்க்ஷாப்பில் இன்னொருவரைச் சொல்லிவிடுவார். புரோக்கருக்குக் கொடுக்கும் ஒரு மாத வாடகை மிச்சம்.

போக்கியத்துக்குக் கேட்டு வருகிறவர்கள் இப்போதும் உண்டு. "நாலு லட்சம் தர்றேன், மூணு வருஷம் இருக்கறேன், வாடகை வேண்டாம்." மொத்தமாகப் பணம் கையில் வருவதால் சபலம் தட்டும். ஆனால் அந்த நாலு லட்சத்தைக் கடனில் கட்டினாலும் 9 சதவீத வட்டியில் எனக்கு மிச்சமாவது வருஷம் 36,000, மாதம் 3,000. வாடகையாக வருவது 6,500. மூன்று வருஷம் கழித்து நாலு லட்சத்தை ஒரே நாளில் புரட்டவும் வேண்டும். அவசரத் தேவைக்குப் போக்கியம் விடுகிறவரைக் குறை சொல்ல மாட்டேன், அது ஒரு கடன் என்று தெரிந்து விட்டால் போதும்.

வருமான வரியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, மறைக்கவும் தேவையில்லை. முதல் வருஷக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது. கைக்கு வந்த வாடகை 1,98,000. கட்டிய சொத்து வரி 5,000 போக 1,93,000. அதில் 30 சதவீதம், 57,900, எந்த ரசீதும் கேட்காமல் கழித்துக்கொள்ளலாம்; நாம் நிஜமாக ரிப்பேருக்கு எவ்வளவு செலவு செய்தோம் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. மீதி 1,35,100-இல் அந்த வருஷம் கட்டிய வட்டி 1,29,000 போனால் வரிக்கு உட்பட்டது ஆறாயிரம் சொச்சம்தான். வாடகைக்கு விட்ட வீட்டுக்குப் புதிய வரி முறையிலும் இந்தக் கழிவுகள் உண்டு. ஆனால் வட்டி வாடகையைத் தாண்டி நஷ்டம் வந்தால், பழைய முறையில் அதைச் சம்பளத்தில் 2 லட்சம் வரை ஈடுகட்டலாம், புதிய முறையில் முடியாது. வருஷம் போகப் போக வட்டி குறையும், வாடகை ஏறும், வரி வர ஆரம்பிக்கும். எங்களுக்கும் வர ஆரம்பித்துவிட்டது.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வரி மிச்சம் என்று கணவர் பணத்தில் மனைவி பெயருக்கு வாங்கினால் வாடகை கணவர் வருமானத்தில்தான் சேரும். நாங்கள் இரண்டு பேரும் பணம் போட்டோம், இரண்டு பேர் பெயரிலும் பத்திரம், இரண்டு பேரும் கடன்தாரர். வாடகைக்கென்று தனி வங்கிக் கணக்கு. நாலு பேரும் யு.பி.ஐ.யில் அதில்தான் போடுவார்கள், தவணை அதிலிருந்துதான் போகும். ரிப்பேருக்கு என்று மாதம் ஒரு தொகை தொடர் வைப்பில் போகிறது. சொத்து வரியை ஒவ்வொரு அரையாண்டிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. சின்னத் தொகைதான், ஆனால் மார்ச்சில் வந்து வரிசையில் நிற்கிற தொல்லை இல்லை.

போன மாதம் ஆபீஸில் ஒரு தம்பி வந்தார். கையில் எட்டு லட்சம், சம்பளம் 45,000, வாடகை வீடு ஒன்று வாங்க வேண்டும் என்றார். இப்போது நாங்கள் வாங்கிய விலைக்கு அந்தப் பக்கம் லைன் வீடு கிடைக்காது. கேட்கிற விலைக்கும் வருகிற வாடகைக்கும் நாலு சதவீதம் தேறினால் பெரிது. விசாரித்ததில் அவருக்கு விளாங்குறிச்சியில் அப்பா கட்டிய தரைத்தள வீடு இருக்கிறது. மேலே மொட்டை மாடி காலி. 500 சதுர அடிக்கு ஒரு வீடு எடுத்தால், சதுர அடிக்கு 2,300 வைத்தாலும் பதினொன்றரை லட்சம். அங்கே 7,500-க்குக் குறையாமல் வாடகை போகும். வருஷம் 90,000, ஏழே முக்கால் சதவீதம். மண்ணுக்குக் காசு இல்லை, பத்திரச் செலவு இல்லை. கடனும் நாலைந்து லட்சத்தில் முடியும்.

முதலில் ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து அஸ்திவாரமும் பில்லரும் மாடி தாங்குமா என்று பார்க்கச் சொன்னேன், மேஸ்திரி சொல்வதை மட்டும் கேட்டு ஆரம்பிக்க வேண்டாம். மாநகராட்சி அனுமதி வாங்கிவிட்டுத்தான் செங்கல் இறக்க வேண்டும். தண்ணித் தொட்டியும் மின் இணைப்பும் தனி. அப்புறம் படிக்கட்டு. அது கண்டிப்பாக வெளிப்பக்கம், தனி கேட்டோடு இருக்க வேண்டும் என்றேன். இரண்டாம் ஷிப்ட் முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு வருகிறவர் நம் ஹாலைத் தாண்டி மேலே ஏறினால் அவருக்கும் சங்கடம், நமக்கும் தூக்கம் போகும். படிக்கட்டுக்கு இடம் போதுமா என்று அளந்து பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.